கடதாசிப் பூவும் கடதாசி இல்லாதவர்களும்

பாரிசில் இருக்கிற தமிழர்களில் மொன்மார்த்தர் குன்றுக்கு ஏறாதவர்கள் குறைவு. ஊரில் இருந்தோ கனடாவில் இருந்தோ யாராவது வந்தால் முதலில் ஈபிள் கோபுரம், பிறகு லாச்சப்பலில் சாப்பாடு, அதற்குப் பிறகு செமிக்கிறதுக்காக அங்கிருந்து நடந்தே போய் வெள்ளைத் தேவாலயத்தின் படிகளில் நின்று ஒரு படம். நானும் எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆனால் எனக்கு அந்தக் குன்று வேறு மாதிரிப் பழக்கம். 1994 இல் இருந்து ஐந்து வருடம் எனக்குச் சோறு போட்டது அந்தக் குன்றுதான். படம் கீறுகிறவர்கள் குந்தியிருக்கிற சதுக்கத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினேன். இரவு பன்னிரண்டு மணிக்குக் குப்பை வாளியை இழுத்துக்கொண்டு வந்து வெளியில் வைக்கிற நேரம் சென் பியேர் தேவாலயத்தின் பழைய மதில் தெரியும். குளிருக்குக் கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு அந்த மதிலைப் பார்த்தபடி ஒரு சிகரெட் பிடிப்பேன். அந்த மதிலுக்கு உள்ளே ஒரு சின்னச் சேமக்காலை இருக்கிறது என்பதோ, எங்கட வீட்டுப் படலையில் நின்ற பூமரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தவரின் இதயம் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறது என்பதோ அப்போது எனக்குத் தெரியாது.

போகன்விலாவைத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்காரர் காகிதப்பூ என்பார்கள். எங்கட பக்கத்தில் கடதாசிப் பூ.

எங்கட வீடு காங்கேசன்துறைப் பக்கம். அப்பாவுக்குச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. 1979 ஆக இருக்க வேணும், எனக்கு ஆறு வயது. அப்பா ஒருநாள் வேலை முடிந்து வரும்போது சைக்கிள் கரியரில் ஈரச்சாக்கில் சுற்றி நாலு தடி கொண்டு வந்தார். யாரோ பெரியவரின் குவாட்டர்ஸ் தோட்டத்தில் வெட்டி எறிந்த தடிகள். பென்சில் மொத்தம் இருக்கும். ஒன்று மட்டும் பிழைத்தது. அதைப் படலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

அம்மாவுக்குப் பிடிக்கவேயில்லை.

"சாமிக்கு வைக்கேலாது, தலையில வைக்கேலாது, மணமும் இல்லை. முள்ளு வேற. உதை ஏன் வாசலில நடுறியள்? ஒரு செவ்வரத்தையை வைச்சாலும் பூசைக்கு உதவும்."

"அது நிண்டால் காணும் உமக்கு" என்றார் அப்பா. அவ்வளவுதான் பதில்.

அம்மா வாசலில் நிற்கிற மரத்தைப் பட்டினி போடுகிற ஆளும் இல்லை. பிடிக்காவிட்டாலும் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் அதுக்கு ஊத்துவா. மரம் பச்சைப்பசேலென்று கொழுத்து வேலிக்கு மேலால் ஏறியது. ஒரு பூக் கிடையாது. இரண்டு வருடம் கழித்துத்தான் அப்பா கண்டுபிடித்தார். "தண்ணி ஊத்தாதையும். இது வாடினால்தான் பூக்கும்." அந்த வருடம் சித்திரை வெயிலில் இலை எல்லாம் சோர்ந்து தொங்கி, இனிச் செத்துப்போகும் என்று நாங்கள் நினைத்த நேரம் ஒரு கிழமைக்குள் படலை முழுக்கக் கத்தரிப்பூ நிறத்தில் மூடிக்கொண்டு வந்தது. றோட்டால் போகிற பஸ்ஸில் இருந்தும் தெரியும். அதற்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வழி சொல்கிறவர்கள் "கடதாசிப்பூப் படலை" என்றுதான் சொன்னார்கள்.

அப்பா சொன்னது சரி என்பதைப் பிறகு புத்தகங்களில் படித்தேன். இந்தச் செடிக்குத் தண்ணீரும் தழைச்சத்தும் கூடினால் இலை போடும். வேர் கொஞ்சம் காய்ந்து, இடம் நெருக்கமாகி, வெயில் நல்லாக விழுந்தால் பூக்கும். இன்னொன்று, நாங்கள் பூ என்று பார்க்கிறது பூவே அல்ல. அந்த நிறமான மூன்று கடதாசியும் பூவடியிலைகள். அவற்றுக்கு நடுவில் வெள்ளையாகச் சின்னக் குழாய் மாதிரி நிற்கிறதே, அதுதான் பூ. வண்டையும் தேன்சிட்டையும் கூப்பிடுவதற்கு இலை நிறம் மாறி நிற்கிறது. எங்கட அந்திமந்தாரையும் மூக்கிரட்டையும் இதற்குச் சொந்தக்காரர். ஒரே குடும்பம். பீட்றூட் கிழங்குக்குச் சிவப்பைக் கொடுக்கிற அதே வகைச் சாயம்தான் இதற்கும் நிறத்தைக் கொடுக்கிறது.

*

இனி அந்தப் பெயருக்கு உரியவரிடம் வருவோம்.

லூயி அந்துவான் து பூகன்வீல் 1729 இல் பாரிசில் பிறந்தவர். கணிதம் படித்தவர், பிறகு படைக்குப் போனவர். கனடாவில் இருக்கிற எங்கட ஆட்களுக்கு ஒரு தகவல்: 1759 இல் கியூபெக் பிரித்தானியரிடம் விழுந்த நேரம் பிரெஞ்சுத் தளபதி மொன்காமின் கீழ் அங்கே சண்டை பிடித்தவர்களில் இவரும் ஒருவர். அந்தத் தோல்வியோடு பிரான்ஸ் கனடாவை இழந்தது.

அதற்குக் கொஞ்சம் முன்னர் 1755 இல் இன்னொன்று நடந்தது. இன்றைக்கு நோவாஸ்கோசியா என்று சொல்கிற பக்கத்தில் அக்காடியர் என்று ஒரு சனம் இருந்தது. பிரெஞ்சு பேசுகிற கமக்காரர். பிரித்தானிய முடிக்கு நிபந்தனை இல்லாத விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்தார்கள் என்று ஆயிரக்கணக்கில் கப்பலில் ஏற்றி நாடு கடத்தினார்கள். வீடுகளை எரித்தார்கள். குடும்பங்கள் பிரிந்து அமெரிக்கக் கரை முழுக்கச் சிதறின. ஒரு பகுதி பிரான்சின் துறைமுகங்களுக்கு வந்து சேர்ந்தது. மொழி ஒன்று, மதம் ஒன்று, ஆனால் காணி இல்லை, தொழில் இல்லை. உதவிப் பணத்தில் சென் மாலோ போன்ற ஊர்களில் வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். உதவிப் பணத்தில் காத்திருப்பது எப்படி என்று எங்களுக்கு ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பூகன்வீல் இந்த அகதிகளில் சில குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு 1764 இல் தென் அத்திலாந்திக்கில் இருக்கிற போக்லண்ட் தீவுகளில் போய்க் குடியேற்றினார். தன் குடும்பத்துக் காசையும் போட்டார். சென் மாலோவில் இருந்து போனவர்கள் என்பதால் அந்தத் தீவுகளுக்கு மலுயின் என்று பெயர் வந்தது. அதையே ஸ்பானிய மொழியில் மல்வினாஸ் என்றார்கள். 1982 இல் ஆர்ஜென்ரீனாவும் பிரித்தானியாவும் சண்டை பிடித்ததே, அதே தீவுகள்தான். மரமே இல்லாத, காற்று ஓயாத தீவு. இருந்தாலும் வீடு கட்டினார்கள், மாடு வளர்த்தார்கள்.

இரண்டு மூன்று வருடம்தான். ஸ்பெயின் அரசர் அது தன்னுடைய கடல் என்று சொன்னார். பிரெஞ்சு அரசருக்கு அவருடைய நட்புத் தேவை. "சரி, தாறம்" என்று விட்டார். தான் குடியேற்றிய இடத்தைத் தானே போய்க் கையளிக்கிற வேலை பூகன்வீலுக்கு வந்தது. 1766 நவம்பரில் பூதூஸ் என்ற கப்பலில் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். பூதூஸ் என்றால் முகத்தை நீட்டிக்கொண்டு இருக்கிறவள் என்று அர்த்தம். 1767 ஏப்ரல் 1 ஆம் திகதி தீவுகளை ஸ்பானியரிடம் கையளித்தார். செலவழித்த காசுக்கு ஸ்பெயின் நட்டஈடு கொடுத்தது. அந்தச் சனத்துக்கோ, ஸ்பானியக் கொடிக்குக் கீழே இருங்கள், இல்லாவிட்டால் திரும்பிப் பிரான்சுக்குப் போங்கள் என்று சொல்லப்பட்டது. ஒரு முறை துரத்தப்பட்டு, இரண்டாவது முறை கைமாற்றப்பட்டவர்கள். பூகன்வீலைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒரு பந்தியில் முடித்துவிட்டுத் தகித்தித் தீவுக்கு ஓடிவிடுவார்கள். எனக்கு இந்தப் பக்கத்தில்தான் கால் நின்றுவிடுகிறது.

அந்த வேலையை முடித்துக்கொண்டுதான் அவர் உலகத்தைச் சுற்றப் புறப்பட்டார். 1767 யூனில் பிரேசிலின் ரியோ து ஜனெய்ரோவில் அவருடைய இரண்டாவது கப்பலான எத்துவால் வந்து காத்து நின்றது. அந்தக் கப்பலில் பிலிபேர் கொமெர்சோன் என்ற தாவரவியலாளர் இருந்தார். ரியோவின் கரையில்தான் அவர் இந்த முள்ளுக் கொடியைச் சேகரித்து, தலைவரின் பெயரை வைத்தார். அகதிகளின் ஊரைக் கையளித்துவிட்டு வந்த மனிதருக்கு அடுத்த துறைமுகத்தில் ஒரு பூ காத்திருந்திருக்கிறது.

*

ஆனால் அந்தப் பூவை முதலில் பறித்த கை யாருடையது?

கொமெர்சோனோடு உதவியாளாக ஒரு பொடியன் இருந்தான். பெயர் ழோன் பரே. பாரமான பெட்டிகளையும் செடி அழுத்துகிற பலகைகளையும் தூக்கிக்கொண்டு மலை மலையாக ஏறுவான். வாய் பேச மாட்டான். எல்லோருக்கும் முன்னால் உடுப்பு மாற்ற மாட்டான். 1768 ஏப்ரலில் தகித்தியில் கப்பல் நின்ற நேரம் அந்தத் தீவு மக்கள் பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார்கள், இது பெண் என்று. அப்படித்தான் பூகன்வீல் தன் பயண நூலில் எழுதுகிறார்.

அவளுடைய உண்மையான பெயர் ழான் பரே. 1740 இல் பூர்கோன் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள். கொமெர்சோனின் வீட்டு வேலைகளைப் பார்த்தவள், அவரோடு வாழ்ந்தவள். பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக்கூடாது என்பது சட்டம். பெண்பெயரை ஆண்பெயராக்கி, நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறினாள். எங்கட பாசையில் சொன்னால் தலைமாத்தி.

நான் 1993 இன் கடைசியில் வேறொருவரின் பெயரோடும் பிறந்த திகதியோடும் விமானம் ஏறியவன். அந்தப் பெயரால் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க வேணும், என் சொந்தப் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஏஜென்சிக்காரர் பழக்கினவர். ஒரு நாளுக்கே எனக்கு நெஞ்சு அடித்தது. அந்தப் பெண் ஒரு வருடத்துக்கு மேல், நூற்றுக்கும் கூடுதலான ஆண்கள் நெருக்கியடித்த கப்பலில் தாக்குப் பிடித்திருக்கிறாள்.

ரியோவில் நின்ற காலத்தில் கொமெர்சோனுக்குக் காலில் புண். ஆகவே கரைக்குப் போய்ச் செடி பறித்ததில் அவளுடைய பங்கு பெரிது, போகன்விலாவை முதலில் கண்டதே அவளாக இருக்கலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். நேரடியான சான்று இல்லை. ஆனால் தூக்கிச் சுமந்தது அவள்தான் என்பதில் சந்தேகம் இல்லை. கொமெர்சோனே அவளுடைய உழைப்பை மெச்சி ஒரு செடிக்கு அவளுடைய பெயரை வைத்தார். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. அந்தச் செடிகளுக்கு இன்றைக்கு வேறு பெயர். 2012 இல்தான் தென் அமெரிக்காவில் கண்டெடுத்த ஒரு கத்தரி இனத்துச் செடிக்கு விஞ்ஞானிகள் அவளுடைய பெயரைச் சூட்டினார்கள்.

1768 இன் கடைசியில் கப்பல்கள் மொரீசியஸ் வந்த நேரம் கொமெர்சோனும் அவளும் அங்கேயே இறங்கிவிட்டார்கள். 1773 இல் அவர் அங்கே இறந்துபோனார். தனித்துப்போன ழான் பரே போர் லூயி துறைமுகத்தில் ஒரு தவறணை நடத்திப் பிழைத்தாள். இந்த இடத்தில் எங்கட ஆட்களும் வருகிறார்கள். அந்தத் துறைமுகத்தைக் கட்டியெழுப்ப 1730களில் இருந்தே புதுச்சேரியில் இருந்து தமிழ்க் கொத்தர்களையும் தச்சர்களையும் பிரெஞ்சுக்காரர் கொண்டுபோய் இறக்கியிருந்தார்கள். அவள் நடந்த தெருக்களில் தமிழ் கேட்டிருக்கும்.

1774 இல் ஒரு பிரெஞ்சுப் படைவீரரைக் கலியாணம் முடித்து அதற்கடுத்த காலத்தில் பிரான்சுக்குத் திரும்பினாள். அந்த வருகையோடு உலகத்தைச் சுற்றி முடித்த முதல் பெண் ஆனாள். வரவேற்க ஒருத்தரும் இல்லை. 1785 இல் கடற்படை அமைச்சு வருடத்துக்கு 200 லீவ்ர் ஓய்வூதியம் கொடுத்தது. சட்டத்தை மீறி ஏறியவளுக்கு அதே அரசாங்கம் கொடுத்த ஓய்வூதியம். 1807 இல் இறந்துபோனாள்.

கொமெர்சோன் விட்டுப்போன உலர்செடிகள் பெட்டி பெட்டியாகப் பாரிசுக்கு வந்தன. 1789 இல், புரட்சி வெடித்த அதே வருடம், அந்துவான் லோரன் து ஜுஸியூ என்ற தாவரவியலாளர் அவற்றைப் பார்த்துத் தன் நூலில் இந்தச் செடியின் பெயரை முதன்முதலாக அச்சேற்றினார். அதிலும் எழுத்துப் பிழை. பூகன்வீலுக்குப் பதிலாக 'புகின்விலேயா' என்று போட்டுவிட்டார். 1930களில்தான் அது இப்போதைய எழுத்துக்குத் திருந்தியது. அகதிக் காட்டில் பெயர் பிழையாக விழுந்து, அதைத் திருத்த வருடக்கணக்காக அலைந்தவர்கள் இதை வாசித்துக் கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

*

பூகன்வீலின் பெயரில் பூ மட்டும் இல்லை, ஒரு தீவும் இருக்கிறது. 1768 இல் அவர் கரையோரமாகக் கடந்துபோன பசிபிக் தீவு ஒன்று அவருடைய பெயரைச் சுமக்கிறது. பிறகு ஜேர்மனி, அவுஸ்திரேலியா என்று கைமாறி, 1975 இல் பப்புவா நியூகினியின் பகுதியானது. 1972 இல் தொடங்கிய பங்குனா செப்புச் சுரங்கத்தால் ஆறு பழுதாகி, காணி போய், வருமானமும் வெளியே போக, 1988 இல் அந்தச் சனம் ஆயுதம் தூக்கியது. 1990 இல் தீவைச் சுற்றிப் பொருளாதாரத் தடை. மருந்து இல்லை, எரிபொருள் இல்லை. தேங்காய் எண்ணெயில் வாகனம் ஓட்டினார்கள்.

அதே 1990 இல் நாங்கள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டினோம். பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்துகிறது. ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். உலகத்தின் மற்றப் பக்கத்தில் எங்களைப் போலவே ஒரு சனம் விளக்குக்கும் வண்டிக்கும் வழி தேடிக்கொண்டு இருந்தது என்று எங்களுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அவர்களுக்கு 2001 இல் சமாதான ஒப்பந்தம் வந்தது. 2019 இல் வாக்கெடுப்பு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழுக்கு மேல் தனிநாடு என்று போட்டார்கள். அந்த முடிவுக்கு ஒப்புதல் வாங்குகிற பேச்சு அதற்குப் பிறகும் வருடக்கணக்காக இழுபட்டது. அந்த வாக்கெடுப்புச் செய்தியை நான் இரண்டு முறை வாசித்தேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

*

1990 யூனில் திரும்பச் சண்டை தொடங்கியது. எனக்குப் பதினேழு வயது. செல் எங்கட பக்கம் வந்து விழத் தொடங்கியவுடன் இரண்டு சைக்கிளில் நாலு பேர் புறப்பட்டோம். அம்மாவின் தோள்பையில் நகையும் அடையாள அட்டைகளும் காணி உறுதியும். "ரெண்டு கிழமையில வந்திடலாம்" என்றார் அப்பா. படலையைக் கட்டிவிட்டு அவர் சைக்கிளைத் திருப்பின நேரம் அம்மா இறங்கிப் போய்க் கிணத்தில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து கடதாசிப் பூவின் அடியில் ஊத்தினா. அண்டைக்கு அப்பா ஒண்டும் சொல்லேல்லை.

இரண்டு கிழமை இருபத்தெட்டு வருடமானது. எங்கட வளவு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. நான் 1993 இல் கிளாலியால் இரவுப் படகில் வெளிக்கிட்டேன். அப்பாவும் அம்மாவும் 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்த நேரம் தென்மராட்சிக்கு நடந்து, பிறகு திரும்பி மானிப்பாய்ப் பக்கம் வாடகை வீட்டில் இருந்தார்கள். 2005 இல் அப்பா அந்த வாடகை வீட்டில்தான் செத்துப்போனார். சொந்த வீடு பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நான் செத்தவீட்டுக்குப் போகவில்லை. அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்குப் போக முடியாது. செய்தி வந்த அன்றைக்கும் பின்னேரம் வேலைக்குப் போனேன்.

அதற்கு முதல் வருடம்தான் பாரிசுக்கு வெளியே ஒரு சின்ன வீட்டுக்கு மாறியிருந்தோம். பின்னால் ஒரு துண்டுத் தோட்டம், ஆறு அடி பத்து அடி. செத்தவீடு முடிந்து முப்பத்தொன்றும் கழிந்த பிறகு சென் நதிக்கரைச் செடிக்கடை ஒன்றில் போகன்விலாவைக் கண்டேன். கம்பியை வளையமாக வைத்து அதில் சுற்றி, கோயில் திருவாசி மாதிரி வைத்திருந்தார்கள். அதே கத்தரிப்பூ நிறம். விலை பார்க்காமல் வாங்கினேன்.

முதல் செடி அந்த மாரியிலேயே செத்தது. வெளியில் நிலத்தில் நட்டேன், டிசம்பர் உறைபனி ஒரே இரவில் கறுப்பாக்கிவிட்டது. இரண்டாவதைச் சட்டியில் வைத்து வீட்டுக்குக் கீழே இருக்கிற காவுக்குள் இறக்கினேன். இலை கொட்டுகிறதைப் பார்த்துப் பயந்து, அம்மாவைப் போலத் தண்ணீர் ஊத்திக்கொண்டே இருந்தேன். வேர் அழுகிச் செத்தது. மூன்றாவதுதான் இன்றைக்கும் நிற்கிறது. குளிர்நாட்டில் இதை வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இரண்டு செடியைக் கொன்று நான் படித்ததைச் சொல்கிறேன்.

நிலத்தில் நடாதீர்கள், சட்டியில் வையுங்கள். சட்டி பெரிதாக இருக்கத் தேவையில்லை, வேர் நெருங்கி நின்றால் நல்லாகப் பூக்கும். அடியில் ஓட்டை வேணும், தண்ணீர் தேங்கவே கூடாது. ஒரு நாளைக்கு ஐந்தாறு மணித்தியாலம் நேர் வெயில் விழுகிற தெற்குச் சுவர் ஓரம் சரியான இடம். கோடையில் மேல்மண் காய்ந்த பிறகு ஒரேயடியாக ஊத்துங்கள், அடுத்த முறை காயும்வரை கை வைக்காதீர்கள். தழைச்சத்துக் கூடின பசளை வேண்டாம். புதுக் கொப்பில்தான் பூக்கும் என்பதால் பூத்து முடிந்தவுடன் வெட்டிவிடுங்கள். ஒக்ரோபரில் முதல் உறைபனிக்கு முன்னர் உள்ளே எடுக்க வேணும். பத்துப் பாகைக்குக் கிட்ட, வெளிச்சம் உள்ள இடம் நல்லது. இலை கொட்டும், பயப்படாதீர்கள். மாதத்தில் ஒன்றிரண்டு முறை கொஞ்சத் தண்ணீர் காணும். நகத்தால் தோலைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. வசந்தத்தில் வெயிலைக் கண்டு அவசரப்பட்டு வெளியில் வைக்க வேண்டாம். மே 11, 12, 13 ஆம் திகதிகளைப் பிரெஞ்சுக் கிழவர்கள் 'பனிப் புனிதர்கள்' என்பார்கள். அது கழியும் வரைக்கும் உறைபனி வரலாம். சட்டி மாற்றுகிற நேரம் வேரை உதறாதீர்கள். மேலே முள்ளோடு முரடாக நின்றாலும் வேர் சரியான மெல்லிசு, சட்டென்று முறிந்துவிடும்.

தோட்டங்களில் நிற்கிற வகைகளில் அநேகமானவை விதை வைப்பது மிகக் குறைவு. தடி வெட்டி நட்டுத்தான் பெருக்குகிறது. 1910 அளவில் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு பெண்மணி கண்டெடுத்த சிவப்புச் செடி, 'மிசிஸ் பட்' என்ற பெயரோடு தடி தடியாக உலகம் முழுக்கப் போனது. உங்கள் ஊரில் சிவப்பாக நின்றது பெரும்பாலும் அதன் வழிதான். ரியோ கரையில் தொடங்கியது, கப்பல் கப்பலாக, தோட்டம் தோட்டமாக முறிந்து முறிந்துதான் எங்கட படலைக்கும் வந்தது.

*

2008 இல் எனக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 2018 இல் எங்கட பக்கத்தில் ஒரு துண்டு விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. ரிக்கற் எடுத்துக்கொண்டு போனேன்.

எண்பது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் போய் இறங்கினால், ஊரே இல்லை. வீடுகளை இடித்து மட்டமாக்கியிருந்தார்கள். மதிலும் வேலியும் இல்லை, ஒழுங்கை எது வளவு எது என்று தெரியவில்லை. நாயுண்ணியும் ஈச்சம் பத்தையும் ஆள் உயரத்துக்கு. எங்களைப் போலவே பத்துப் பதினைந்து குடும்பம் கையில் உறுதியோடு அந்தக் காட்டுக்குள் நின்றது. எல்லா உறுதியிலும் எழுதியிருக்கிறது: வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை. வடக்கே இன்னாரும் இல்லை, கிழக்கே ஒழுங்கையும் இல்லை. கடதாசி கையில் இருந்தது, காணியைத்தான் காணவில்லை.

அம்மாதான் முதலில் கண்டா. கையைப் பிடித்து இழுத்து, "அங்கை பார்" என்றா.

ஒரு இடிந்த தூணுக்குப் பக்கத்தில், பூவரசு ஒன்றின் தலைவரைக்கும் ஏறி, மலை மாதிரிக் கடதாசிப் பூ. இருபத்தெட்டு வருடம் ஒருத்தரும் தண்ணீர் ஊத்தவில்லை, ஒருத்தரும் வெட்டவில்லை. அடிமரம் என்ரை தொடை மொத்தம். அதில் இருந்து அளந்து, இத்தனை அடியில் கிணறு இருக்க வேணும் என்று தடியால் குத்திப் பார்த்தோம். கட்டிட இடிபாடு போட்டு மூடின கிணற்றின் கட்டு தட்டுப்பட்டது. நில அளவையாளர் வந்த நேரம் எங்கட காணிக்கு எல்லைப் பிரச்சினை வரவில்லை. எங்களை வைத்துப் பக்கத்து வளவுக்காரர் தங்கட காணியைப் பிடித்தார்கள், அவர்களை வைத்து அதற்கடுத்தவர்கள். அன்றைக்கு மூன்று குடும்பம் அந்தப் பூமரத்தில் இருந்து அடி அளந்தது.

அம்மா அதன் கீழே கனநேரம் நின்றா. "கொப்பர் சொன்னவர், நிண்டால் காணும் எண்டு" என்றா. பிறகு, குடிக்கக் கொண்டுவந்த போத்தல் தண்ணீரில் பாதியை அதன் அடியில் ஊத்தினா.

ஒரு தடி வெட்டிப் பாரிசுக்குக் கொண்டுவர ஆசையாகத்தான் இருந்தது. சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டிச் செடி கொண்டுவருவது சரியில்லை, நோயும் பூச்சியும் அதோடு வரும் என்று விட்டுவிட்டேன். கடதாசி இல்லாமல் எல்லை தாண்டினவனுக்கு இந்தச் சட்டம் நல்லாகத் தெரியும். நாலு தடி வெட்டிப் பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுத்தேன். இரண்டு பிழைத்தது என்று பிறகு போனில் சொன்னார்கள். அம்மா 2021 இல் போய்விட்டா. வளவில் இப்போது ஒரு சின்ன வீடு நிற்கிறது, தங்கச்சி இருக்கிறாள். படலையும் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறாள்.

அதே 2018 நவம்பர் 1 ஆம் திகதி மொன்மார்த்தருக்குப் போனேன். சென் பியேர் தேவாலயத்தை ஒட்டிய கல்வேர் சேமக்காலை பாரிசிலேயே மிகச் சின்னது. வழமையாகப் பூட்டியே இருக்கும். பரிசுத்தவான்களின் நாளான அன்றைக்குத் திறப்பார்கள். பூகன்வீல் 1811 இல் இறந்த நேரம் நெப்போலியன் அவருடைய உடலைப் பந்தியோனில் வைத்து மரியாதை செய்தார். இதயத்தை மட்டும் இங்கே மனைவியின் கல்லறையில் வைத்தார்கள். உடல் ஓரிடம், இதயம் ஓரிடம். எங்களுக்கு இது ஒன்றும் புதுமை இல்லை.

வீட்டுச் செடியில் கடைசியாக நின்ற ஒரு கொத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அவருக்கு ஒன்று. பக்கத்தில் இன்னொன்றும் வைத்தேன், அது எங்கோ தெற்கில் ஒரு கிராமத்தில் கிடக்கிற ழான் பரேக்கு. வெளியே வந்து பழைய சாப்பாட்டுக்கடைப் பக்கம் போனால் பெயர் மாறியிருந்தது. பின்பக்கத்தில் ஒரு பொடியன் குப்பை வாளிக்குப் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டு இருந்தான். பங்களாதேஷ் பொடியன். விசா கிடைத்ததா என்று கேட்டேன். "இன்னும் இல்லை, அண்ணை" என்று தமிழில் சொன்னான். எங்கட ஆட்களோடு வேலை செய்து பழகினதாம்.

எங்கட பக்கத்தில் கடதாசிப் பூ என்றோம். உங்கட ஊரில் என்ன பெயர் சொன்னீர்கள், யார் வீட்டுப் படலையில் நின்றது?